வலது பாதி

எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை கல்யாணமான வருடமே முடிந்துவிட்டது. தரை அவருக்கு, பறவை எனக்கு. பஞ்சாயத்து எதுவும் தேவைப்படவில்லை.

நானும் என் கணவர் ஆனந்தகுமாரும் ஒரே தாளில் நீர்வண்ணம் தீட்டுகிறவர்கள். முதல் ஞாயிறு அவர் தனியாக ஏதாவது ஒரு வறண்ட ஏரிக்குப் போய், வெடித்த மண்ணையும் கரையையும் மதகையும் வரைந்துகொண்டு வருவார். பறவைகளுக்காக அங்கங்கே தாளை வெள்ளையாக விட்டு வைப்பார். அடுத்த ஞாயிறு நான் அதே ஏரிக்குப் போய், அங்கே எது நிஜமாக நின்றுகொண்டிருக்கிறதோ அதைப் பார்த்து அந்த வெள்ளையில் இறக்குவேன். போட்டோவைப் பார்த்து வரைவது எங்கள் இருவருக்குமே ஆகாது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறத்தைத் தொடுவதில்லை, தாளின் வெள்ளைதான் கொக்கின் வெள்ளை. அதனால் அவர் எனக்கு எங்கே இடம் விடுகிறாரோ அங்கேதான் என் பறவை நிற்க முடியும்.

வார நாட்களில் நான் ஏனாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்குக் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவர். யாளி, அன்னம், இருதலைப்பட்சி எல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் அவருடைய பெருமை அதில் இல்லை.

"நான் ஒரு கல்லக்கூட நகத்த மாட்டன். ஏரி எப்டி இருக்குதோ அப்டியேதான் தாள்ல இருக்கும்" என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் நம்பினேன். நம்பாமல் ஒரே தாளில் இரண்டு பேர் எப்படி வரைய முடியும்?

இந்தக் கோடையில் சென்னையில் ஒரு கண்காட்சி. வறண்டுபோன ஏரிகளின் ஓவியங்கள் மட்டும். அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணால் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும், கற்பனை கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனந்தகுமார் தரையை முடித்துப் போனில் அனுப்பினார். பறவை இறங்குவதற்கு முன்பே படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரு வாரமாக மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி நான் போய் வெள்ளையில் நாரைகளை இறக்கிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

படம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் ஏரியில் மிச்சமிருக்கும் கடைசிக் குட்டை. இடது பக்கம் மதகு. மதகடியிலிருந்து வெளுத்த தரை குறுகலாக நீண்டு வந்து குட்டையைத் தொடுகிறது. வலது பக்கம் ஒரு கருவேல மரம். மரத்தடியிலிருந்தும் அதே மாதிரி வெளுத்த தரை நீண்டு வந்து குட்டையைத் தொடுகிறது. மற்றதெல்லாம் பழுப்பு. எங்கள் படங்களில் வெளுத்த காவி என்றால் காய்ந்து இறுகிய தரை, பழுப்பு ஏறினால் அடியில் ஈரம் இருக்கிறது. இது அவர் வகுத்த கணக்கு, எனக்கு மனப்பாடம்.

திருப்புட்குழி தாண்டி உள்ளே போகும் அந்த ஏரிக்கு நாங்கள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கத்திரி வெயில் காலம், காற்றில் அதற்குள் சூடு. கருவேல மரத்துப் பக்கம் கரையில் வண்டியை நிறுத்திப் பையைப் பிரித்தால் தண்ணீர் பாட்டிலைக் காணோம். நீர்வண்ணம் தீட்டப் புறப்பட்ட இரண்டு பேர் தண்ணீரை மறந்துவிட்டு வந்திருக்கிறோம். அவர் எடுத்திருப்பார் என்று நான் இருந்தேன், நான் எடுத்திருப்பேன் என்று அவர் இருந்தார்.

"ரோட்டுக் கடைல வாங்கிக்கினு வந்துடறன். நீ கரையிலயே இரு" என்றார்.

"சீக்கிரம் வாங்க. வெயில் ஏறிச்சின்னா நாரைங்க பறந்துடும்."

அவர் போனார். நான் படம் ஒட்டிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குட்டையில் ஏழெட்டு நத்தைகுத்தி நாரைகள் நின்றன. சாம்பல் வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து திறந்தே இருக்கும், அந்தச் சந்துதான் இந்தப் பறவையின் அடையாளம். அது இல்லாவிட்டால் நான் வரைவது ஏதோ ஒரு கொக்கு. கரையிலிருந்து பார்த்தால் சந்து தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன். தெரியவில்லை.

எனக்குப் பொறுமை என்பது பறவைகளிடம் மட்டும்தான் உண்டு, மனிதர்களிடமும் கடிகாரத்திடமும் கிடையாது. படத்தைப் பார்த்தேன். மரத்தடியிலிருந்து குட்டை வரைக்கும் வெளுத்த காவி. நேரே பார்த்தேன். ஏரி முழுக்க வெடித்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது, எது இறுகல் எது ஈரம் என்று அந்த வெளிச்சத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்குத்தானே படம் இருக்கிறது என்று பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. காலடியில் வெடித்த மண் ஓடுகள் கடகடவென்று ஆடின. நாரைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, பறக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். ஒரு நாரை திரும்பியபோது அலகின் சந்துக்குள் வானம் தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த அடி வைத்தபோது அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

வலது கால் முழங்கால் வரை போனது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அது தொடை வரை போனது. மேலே கொதிக்கிற மண், அடியில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்ற சேறு. உதறினேன். உதற உதற இறங்கினேன். இடுப்புக்கு வந்தபோதுதான் உதறக்கூடாது என்று புத்திக்கு எட்டியது. பலகையை முன்னால் மல்லாத்திப் போட்டு அதன்மேல் மார்பை வைத்துக் கவிழ்ந்தேன். இறங்குவது நின்றது. என் தாடைக்கு அடியில் அவர் வரைந்த குட்டையும் மதகும் மரமும் சேறாகிக்கொண்டிருந்தன.

பயம் வந்தது. அதை அலங்கரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கத்தினேன். என் கத்தலுக்கு நாரைகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே குட்டையில் இறங்கிவிட்டன. அவற்றுக்கும் வேறு தண்ணீர் இல்லை.

கரையில் ஒரு பால் வண்டி நின்றது. லுங்கியை மடித்துக் கட்டிய கனத்த ஆள் ஒருவர் இறங்கி ஓடி வந்தார். அவர் பெயர் பரசுராமன் என்பது பிறகு தெரிந்தது.

"அசையாதமா! அசையாத! யாருமா நீ, அங்க எதுக்குப் போன?"

"நாரை பாக்க வந்தண்ணா!"

"நாரையா?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கயிறு இருக்குது, எடுத்தாறன். ஏம்மா, எந்தப் பக்கம் தரை கெட்டியா இருக்கும்? நான் இந்த ஊரு இல்ல, பால் போட வந்தவன்."

அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான்தான் வழி தவறிவிட்டேன் என்று நினைத்தேன். நாரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் வெளுத்த தரையை விட்டுப் பழுப்புக்குள் ஒதுங்கியிருப்பேன், தப்பு என் காலுடையது என்று நினைத்தேன். படத்தின்மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

"அந்தக் கருவேல மரத்துலருந்து நேரா வாங்கண்ணா! அங்க தரை கல்லு மாதிரி இருக்கும். நான்தான் பக்கத்துல ஒதுங்கிட்டன்!" என்று கத்தினேன். ஒரு மனிதரை எங்கே அழைக்கிறேன் என்று தெரியாமல் அவ்வளவு உறுதியாக அழைத்தேன்.

பரசுராமன் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டதாகவும், வண்டி வர நேரமாகும், காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த நேரத்தில்தான் ஆனந்தகுமாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. காலிடுக்கில் தண்ணீர் கேன். என்னைப் பார்த்ததும் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பிரவீ!"

"அண்ணனுக்கு வழி காட்டுங்க! மரத்துலருந்து கெட்டித் தரை எதுன்னு சொல்லுங்க! உங்களுக்குத்தான தெரியும்!"

பரசுராமன் அவர் பக்கம் திரும்பினார். "சார், உங்க வீட்டம்மாவா? இந்தப் பக்கமா போலாமா? தரை தாங்குமா?"

ஆனந்தகுமார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அத்தனை தூரத்திலிருந்தும் எனக்கு அது தெரிந்தது. பறவை பார்த்துப் பழகிய கண்.

"ம்... பாத்துப் போங்க" என்றார்.

பரசுராமன் போனார். ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவது அடியில் அதே அப்பளச் சத்தம். அவருடைய கனத்துக்கு ஒரே இறங்கலாக முழங்கால் தாண்டிப் போய்விட்டது. "ஐயோ, எங்கம்மா!" என்று பின்பக்கமாகச் சாய்ந்தார். அதற்கப்புறம்தான் ஆனந்தகுமாரின் குரல் வெளியே வந்தது.

"போவாதீங்க! அங்க போவாதீங்க! திரும்பி வந்துடுங்க!"

அவர் எங்கே வருவது. இரண்டு கையாலும் பின்னால் துழாவிக் கருவேல மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்துவிட்டார். முள் கையெல்லாம் ஏறியது. ஆனந்தகுமார் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் கரைச் சரிவில் விழுந்தார்கள். பரசுராமனின் உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. செருப்பு ஒன்று உள்ளேயே போய்விட்டது.

"இன்னா சார் நீ! பாத்துப் போன்னு சொன்ன!" என்று அவர் மூச்சு வாங்கினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க, அங்கதான வெளுத்த தரை? படத்துல அங்கதான போட்டிருக்கீங்க? நான் படத்த வச்சித்தான் வந்தன்!"

அவர் சரிவில் உட்கார்ந்தபடியே இருந்தார். பிறகு, கத்திப் பேச வேண்டிய தூரத்தில், கத்தாமல் சொன்னார். காற்று இல்லாததால் எனக்குக் கேட்டது.

"அத நான் பாக்கல பிரவீ."

"என்னது?"

"வலது பாதிய நான் பாக்கல. அன்னிக்கி வெயில்ல கலரு பிரஷ்லயே காஞ்சி போச்சி. இடது பாதியோட எழுந்து வந்துட்டன். மரத்த மட்டும் பென்சில்ல குறிச்சிருந்தன். மிச்சத்த வீட்ல வந்து... திருப்பிப் போட்டன்."

சேலை டிசைன் போடுகிற வீட்டில் திருப்பிப் போடுவது என்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு அன்னத்தை வரைந்தால் போதும், எதிரே நிற்கிற அன்னத்தைக் கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிடும். இடது கரை முடிந்தால் வலது கரையும் முடிந்தது. நாளெல்லாம் அதைச் செய்கிற கை ஏரியையும் அப்படியே செய்துவிட்டது. மதகுப் பக்கத்துத் தரையை எடுத்து மரத்துப் பக்கம் வைத்துவிட்டது. நான் அவர் மேசையிலிருந்து வந்த தரையில் நடந்திருக்கிறேன்.

என் உடம்பில் இருந்த பயமெல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறியது. அந்தக் கோபத்தில் கொஞ்சம் அசைந்துவிட்டேன் போலிருக்கிறது, சேறு விலாவைத் தொட்டது. பலகையின் ஒரு முனை உள்ளே போனது.

"டேய் ஆனந்து!" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீ' என்றுகூட நான் சொன்னதில்லை. பரசுராமன் திரும்பிப் பார்த்தார். "எழுந்திரு. உக்காந்துக்கினு இருக்காத. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பாத்தியா, போட்டியான்னு மட்டும் சொல்லு. மதகு?"

"பாத்தன்."

"மதகடியில வெளுத்த தரை?"

"பாத்தன். அதுமேல நடந்தன். அங்கதான் ஸ்டூல் போட்டு உக்காந்தன்."

"எதுவரைக்கும் நடந்த?"

"தண்ணி வரைக்கும். பிரஷ் கழுவினன்."

"குட்டை?"

"பாத்தன்."

"குட்டைக்கு இந்தப் பக்கம், நான் இருக்கற பக்கம்?"

"இல்ல. எதுவும் பாக்கல."

"தண்ணிக்கு அடில?"

"தெரியாது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

பரசுராமன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே குட்டையைப் பார்த்தார். "நாரை நிக்குதே சார், ஆழம் இல்லியே. எறங்கிப் போயிடலாம்."

"அத நம்பாதீங்கண்ணா" என்றேன். "அதுக்கு எடையே கிடையாது. விரல விரிச்சி நிக்கும். நீங்க நின்னா உள்ளதான். வண்டில வேற என்ன இருக்குது?"

பால் பாக்கெட் அடுக்குகிற பிளாஸ்டிக் ட்ரேக்கள் இருந்தன. பரசுராமன் பாக்கெட்டுகளை வண்டிக்குள்ளேயே கவிழ்த்துவிட்டு ட்ரேக்களை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் கரையைச் சுற்றி மதகுக்கு ஓடினார்கள். ஓடுகிறவர்களைப் பார்க்க முடியாதபடி என் கழுத்து ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டுவிட்டது. நான் பார்க்க முடிந்ததெல்லாம் நாரைகளை மட்டும்தான்.

ஒன்று என்னை நெருங்கி வந்தது. நான் அசையாமல் கிடந்ததால் என்னைச் சேற்றில் கிடக்கும் கட்டை என்று எண்ணியிருக்கும். கை நீட்டினால் தொடலாம். அலகின் சந்து, அதன் ஓரத்து ரோமம் போன்ற சொரசொரப்பு, கண்ணைச் சுற்றிய வெறுமையான தோல். சேற்றுக்குள் அலகை விட்டு ஒரு நத்தையை எடுத்து, ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் உருவிக்கொண்டது. வாழ்க்கையில் எந்தப் பறவையையும் இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. இவ்வளவு வெறுப்போடும் எதையும் பார்த்ததில்லை. அதற்கு இந்தச் சேறு சாப்பாடு. எனக்கு மூச்சு பாதிதான் உள்ளே போனது, மீதி விலாவிலேயே நின்றது.

"பிரவீ, பேசிக்கினே இரு!" என்று மதகுப் பக்கமிருந்து கேட்டது.

"என்ன பேசறது? எங்க நடக்கற, சொல்லு!"

"ஸ்டூல் போட்ட எடம். தடம் இருக்குது. கெட்டியா இருக்குது."

"அடுத்து?"

"தண்ணி ஓரம். இதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப ட்ரே போடு. தெரியாததுமேல காலு வைக்காத."

ட்ரேக்களைக் கவிழ்த்துக் குட்டையின் குறுகலான முனையில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று சரிந்து உள்ளே போனது, அதன்மேல் இன்னொன்றைப் போட்டார். பரசுராமன் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நாரைகள் இந்த முறை நிஜமாகவே பறந்துபோயின. ஆனந்தகுமார் கடைசி ட்ரேயில் குப்புறப் படுத்துக் கயிற்றை வீசினார். கயிறு எட்டவில்லை. மறுபடி வீசினார். என் முகத்தில் அடித்தது. பிடித்துவிட்டேன்.

கயிற்றைக் கக்கத்தில் சுற்றிக்கொள்ள ஒரு கையைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும் பலகை கவிழ்ந்தது, சேறு நெஞ்சுக்கு வந்தது. அந்த ஒரு கணத்தில் நான் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். என் அம்மாவை நினைக்கவில்லை, சாமியை நினைக்கவில்லை. 'பாத்துப் போங்க' என்ற அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

"இழுக்காத! முதல்ல காலை ஆட்டச் சொல்லு. சின்னதா ஆட்டுமா, சைக்கிள் மிதிக்கற மாதிரி" என்றார் பின்னாலிருந்து பரசுராமன். நான் மிதித்தேன். காலைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது. இழுத்தார்கள். மறுபடி மிதித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. இடுப்பு வெளியே வந்தது, பிறகு தொடை. கடைசியில் பாம்பு சட்டை உரிப்பது மாதிரி சல்வாரின் ஒரு காலை உள்ளேயே விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு வந்து ட்ரேயின்மேல் விழுந்தேன். ஆனந்தகுமார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் அவரைத் தள்ளவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு உடம்பு வேண்டியிருந்தது.

பலகையை யாரும் எடுக்கவில்லை. அது முனை மட்டும் தெரியக் கிடந்தது.

கரைக்கு வந்த பிறகுதான் தீயணைப்பு வண்டி வந்தது. அவர்கள் என்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பரசுராமனின் கைக்குக் கட்டுப் போட்டு, ஏரிக்குள் எதற்குப் போனீர்கள் என்று திட்டினார்கள். லாரி வைத்து மண் எடுத்த பள்ளமாக இருக்கும், வண்டல் வந்து மூடியிருக்கும், மேலே ஓடு கட்டியதும் யாருக்கும் தெரியாது என்றார்கள். நான் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்திருந்தேன். ஆனந்தகுமார் கேனிலிருந்த தண்ணீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

"ஒன்னு கேக்கணும்" என்றேன். மூச்சு திரும்பியதும் மரியாதையும் தானாகத் திரும்பிவிட்டது. "திருப்பிப் போட்டத நான் கேக்கல. அண்ணன் உங்கள நேரா கேட்டாரு, தரை தாங்குமான்னு. ஏன் பாத்துப் போங்கன்னு சொன்னீங்க?"

அவர் கேனின் மூடியைத் திருகி மூடினார்.

"ஒருவேள தாங்கிடும்னு நெனச்சன். அவரு போயி உன்ன இட்டுக்கினு வந்துட்டாருன்னா, யாருக்கும் தெரியாமயே போயிடும்னு நெனச்சன்."

பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"இப்பவே போன் போடுங்க" என்றேன். "கண்காட்சிக்காரங்களுக்கு. என் முன்னாடி, ஸ்பீக்கர்ல."

போட்டார். கண்காட்சியை நடத்துகிற பெண்மணி எடுத்தார். ஆனந்தகுமார் திணறித் திணறிச் சொன்னார். படம் போய்விட்டது, ஆனால் விஷயம் அதில்லை மேடம், அதில் பாதி நான் பார்த்து வரைந்தது இல்லை, வீட்டில் உட்கார்ந்து திருப்பிப் போட்டது, நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. சொல்லி முடித்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. சொல்லிவிட்டாரே என்று இருந்தது.

அந்தம்மா சிரித்தார். "ஐயோ சார், இதுக்கா இவ்ளோ டென்ஷன்? கண்டிஷன்லாம் சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது. ஆர்ட்டிஸ்ட்டுக்கு அந்தச் சுதந்திரம்கூட இல்லன்னா எப்டி? எல்லாரும் பண்றதுதான். ஹை ரெசல்யூஷன்ல போட்டோ இருக்குதா? பிரிண்ட் போட்டு மாட்டிடலாம்."

"இருக்குது மேடம்" என்றார் ஆனந்தகுமார்.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. புருவம் இறங்கியது, உதடு பிரிந்தது, ஒரு பெருமூச்சு வந்தது. போனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பியபோது அதில் நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து வந்த பயம், சேறு நெஞ்சுக்கு வந்தபோதுகூட எனக்கு வரவில்லை.

"பாத்தியா பிரவீ, அவங்களே பெருசா எடுத்துக்கல" என்றார்.

பரசுராமன் ஒற்றைச் செருப்போடு வண்டியில் ஏறி, கட்டுப் போட்ட கையால் சாவியைத் திருகத் தடுமாறிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போனேன்.

"அண்ணா, பெரிய காஞ்சிபுரம் வழியாத்தான போறீங்க? என்ன எங்கம்மா வீட்ல எறக்கி விட்டுடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், என் தலைக்கு மேல் ஆனந்தகுமாரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் பக்கத்து சீட்டில் கிடந்த பால் பாக்கெட்டுகளைக் கீழே தள்ளி இடம் விட்டார்.